நாற்றுமேடை

பராசக்திக்குக் கலியாணமாகி இருபத்திநாலு வருடம். அதில் புருசனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருடமும் கொஞ்சச் சில்லறையும் தேறும். சித்திரைக்கு மூன்று கிழமை, மார்கழியில் இரண்டு கிழமை என்று கனகசபாபதி லீவில் வருவார். வந்த களை ஆறுவதற்குள் யாழ்தேவி ரயில் பிடிக்கப் போய்விடுவார். அவர் நுவரெலியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இலிகிதர். இதைக் கோப்பாயில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஊரில் பாதி வீடு அப்படித்தான் நடந்தது. ஆண்கள் தெற்கே போய்ப் பேனை பிடித்தார்கள், பெண்கள் வடக்கே இருந்து மண்வெட்டி பிடித்தார்கள், பிள்ளைகள் தகப்பனைப் படத்தில் பார்த்து வளர்ந்தார்கள். பராசக்தியின் ஒரே மகள் பத்மாசினியும் அப்படி வளர்ந்து, கட்டி, மீசாலைக்குப் போய் மூன்று வருடமாகிறது.

பிறகு எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் வந்தது. கனகசபாபதி இருந்த குவாட்டர்ஸ் எரிந்தது. பதினொரு நாள் அகதி முகாமில் கிடந்து, கப்பலில் ஏற்றப்பட்டு, காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உடம்பில் இருந்தது யாரோ தானமாகக் கொடுத்த காற்சட்டை. அதற்குள் இன்னோர் ஆளும் தாராளமாகப் புகலாம். சேர்ட்டுப் பைக்குள் கந்தோரின் பழுப்பு நிற உறை ஒன்று.

“உதுக்குள்ளை என்ன?” என்று பராசக்தி கேட்டாள்.

“தக்காளி விதை.”

மனிசனுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்தாள். நினைத்ததில் பிழையில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவன் அடையாள அட்டையைக் கொண்டுவருவான், கைக்கடிகாரத்தைக் கொண்டுவருவான். இவர் விதை கொண்டுவந்தார். அன்றைக்கு விதை அந்த உறையில் மேசைமேல் காயப்போட்டுக் கிடந்ததாம், கையோடு வந்துவிட்டதாம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கிண்டவில்லை.

மூன்று நாள் சொந்தக்காரர் வந்து, செத்தவீட்டுக்கு இருப்பதுபோல இருந்து, தேத்தண்ணீர் குடித்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் வீட்டில் இரண்டே பேர். ஒருவருக்கொருவர் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் காலையில் எழும்பித் தன் விரிப்பைத் தானே நாலாய் மடித்து வைப்பார். தேத்தண்ணீர் குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். கதிரையை விறாந்தைக்கு இழுப்பதென்றாலும் “எடுக்கலாமே?” என்று கேட்பார். என்ன தங்கமான மனிசன் என்று ஊர் சொன்னது. பராசக்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளிதான் கோப்பை கழுவுவான். வீட்டுக்காரன் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு எழும்பிப் போவான், பெண்சாதி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு எடுத்துக் கழுவுவாள். அந்த முணுமுணுப்புக்குக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரி முப்பத்தோராம் திகதிக்குள் நுவரெலியாவில் கடமைக்குத் திரும்பவேண்டும், அல்லது ஓய்வுபெறுவதாக எழுதித்தரவேண்டும். கனகசபாபதி அதை வாசித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, வானொலிப் பெட்டிக்குக் கீழே வைத்தார். திரும்பப் போவதா, நிற்பதா என்று வாய் திறக்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரங்களில் பராசக்தி அதை மூன்று தரம் எடுத்து வாசித்திருந்தாள்.

அவர் போகக்கூடாது என்று அவள் விரும்பினாள். அடுத்த முறை எரிந்தால் கப்பல் வருமோ யார் கண்டது என்ற பயம் ஒரு காரணம். அதை ஊரில் யாருக்கும் சொல்லலாம். மற்றக் காரணம் சொல்ல வெட்கமானது. நாற்பத்தெட்டு வயதில், விறாந்தையில் ஓர் ஆள் செருமுகிற சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் “இருங்கோ” என்ற சொல்லை அவள் இருபத்திநாலு வருடத்தில் ஒரு தரமும் சொன்னதில்லை. கட்டின புதிதில், முதல் லீவு முடிந்து அவர் படலையைத் திறந்தபோது சொல்ல வாய் உன்னியது. சொல்லி, அவர் போய்விட்டால், சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றைக்கு விழுங்கியவள், பிறகு விழுங்கிப் பழகிவிட்டாள்.

கடிதம் வந்த கிழமையே அவர் அவளிடம் வந்து நின்றார். கந்தோரில் பெரியவரின் மேசைக்கு முன்னால் நிற்கிற நிலை.

“இஞ்சேரும், எனக்கு ஒரு துண்டு நிலம் தருவீரே? எட்டடிக்கு நாலடி காணும்.”

எட்டுப் பரப்புத் தோட்டமும் அவளுடைய சீதனம். உறுதியில் அவள் பெயர்தான். அதற்காகக் கட்டின புருசன் கேட்டு வாங்குவதா? அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கை முகத்தில் காட்டாமல், கிணற்றடிக்குப் பக்கத்தில், பூவரச நிழல் விழாத இடமாகப் பார்த்துக் காட்டினாள்.

“என்ன போடப்போறியள்?”

“தக்காளிக்கு ஒரு மேடை.”

மேடை என்றதும் பராசக்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தாள். வலிகாமத்தில் எந்தத் தோட்டக்காரியைக் கேட்டாலும் மேடை என்றால் நாற்றுமேடை. மிளகாயோ, கத்தரியோ, தக்காளியோ, விதையை முதலில் மேட்டில் போட்டு முளைக்கப்பண்ணி, இருபத்தைந்து நாளில் பிடுங்கி, பள்ளமாய் வெட்டி வரம்பு கட்டிய பாத்தியில் நடுவார்கள். இறைக்கிற தண்ணீர் பாத்தியில் தேங்கி நின்றால்தான் பயிர் பிழைக்கும். மேடு நாற்றுக்கு, பாத்தி பயிருக்கு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றுகூட அங்கே யாருக்கும் தோன்றாது.

கனகசபாபதி உடைந்த செங்கல் பொறுக்கினார். ஒன்றரை அடி உயரத்துக்கு நாலு பக்கமும் அடுக்கினார். எருவும் சாம்பலும் மக்கிய குப்பையும் மண்ணோடு கலந்து, அரித்து, நிரப்பினார். நாலு நாள் வேலை. கையில் கொப்புளம் போட்டது. பராசக்தியின் ஒன்றுவிட்ட தம்பி தியாகலிங்கம் பக்கத்துக் காணிக்காரன், அவர்களுடைய கிணற்றில் பங்குள்ளவன். இறைப்பு மிசினை நிற்பாட்டிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தான்.

“என்ன அத்தான், நாத்துமேடைக்கு இவ்வளவு உயரமோ? பிள்ளையாருக்குப் பீடம் கட்டுறியள் எண்டெல்லே நினைச்சன்.”

“பொறுத்துப் பார் தம்பி.”

“ஊரே தண்ணி நிக்கவெண்டு பள்ளம் தோண்டுது. நீங்கள் தண்ணி ஓடவெண்டு மேடு கட்டுறியள். ஊரோட ஒத்தோடவேணும் அத்தான்.”

கனகசபாபதி சிரித்தார். அது நாற்றுமேடை இல்லை என்று அப்போதே ஒரு சொல் சொல்லியிருந்தால் பிறகு நடந்தது ஒன்றும் நடந்திராது. ஆனால் முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவரிடம், கேட்காத கேள்விக்குப் பதில் வாங்க முடியாது.

ஐப்பசிக் கடைசியில் விதை போட்டார். பன்னிரண்டு குழி, குழிக்கு மூன்று விதை. முளைத்தபின் குழிக்கு ஒன்றாய் வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவது அவர் எண்ணம். பராசக்தி பார்த்தாள். நாற்றுக்கு விதையை நெருக்கித் தூவவேண்டும், இந்த மனிசன் பரக்கப் போட்டிருக்கிறார், பேனை பிடித்த கைக்கு அவ்வளவுதான் வரும் என்று பேசாமல் இருந்தாள். முப்பத்தாறும் முளைத்தன. ஒன்றையும் கிள்ள மனம் வராமல் அவர் நாளைத் தள்ளினார்.

அதற்குப் பிறகு வீட்டில் காற்று மாறியது. விடிய எழும்பியதும் அவர் விரிப்பை மடிக்காமல் கிணற்றடிக்கு ஓடினார். கழற்றிப் போட்டிருந்த பழைய யன்னல் கண்ணாடியைத் தூக்கிவந்து பின்னேரங்களில் மேடைக்குமேல் சாய்த்து வைத்தார். கோப்பாயில் தக்காளிக்குக் குளிரடிக்கும் என்று பயந்த முதல் மனிசன் அவராகத்தான் இருக்கும். தியாகலிங்கம் அதைச் சொல்லிச் சந்தையெல்லாம் சிரித்தான். பராசக்தி சிரிக்கவில்லை. தேத்தண்ணீரை விறாந்தைக்குக் கொண்டுபோகாமல் மேடைக்கே கொண்டுபோகத் தொடங்கினாள். அவர் வாங்கிக் குடித்து, கோப்பையைச் செங்கல்லில் வைத்துவிட்டு மறந்துபோவார். அவள் முணுமுணுத்துக்கொண்டு எடுத்துப்போய்க் கழுவினாள்.

ஒரு நாள் அவர் கதைத்தார்.

“அங்கை மண் எப்பவும் குளிர்ந்துபோய்க் கிடக்கும். கையை வைச்சால் விறைக்கும். தக்காளி எல்லாத்தையும் பொறுக்கும், ஈரக் குளிரிலை கால் வைச்சு நிக்கமாட்டுது. அதாலை பலகை அடிச்சு, மண்ணை உயர்த்தி, வெயில் விழுகிற மதிலோரமா ஒரு மேடை வைச்சிருந்தனான். மண் உயர்ந்தால் கெதியாச் சூடு பிடிக்கும். மழைத் தண்ணியும் வடிஞ்சிடும்.”

“பனி கொட்டாதே?”

“தை, மாசியிலை புல்லெல்லாம் வெள்ளையாக் கிடக்கும். பொழுதுபடக் கண்ணாடி போட்டு மூடவேணும். நாலு குலை வந்ததும் தலையைக் கிள்ளிப்போடுவன். அதுக்கு மேலை பழுக்கிறதுக்கு அங்கை வெயில் காணாது.”

“பழுக்காட்டில்?”

“காயாய்ப் பிடுங்கி, பேப்பரிலை சுத்தி, மேசை லாச்சிக்குள்ளை வைப்பன். ஒரு கிழமைக்கு ஒண்டு, ரண்டாப் பழுக்கும். மார்கழியிலை இஞ்சை வெளிக்கிடேக்கை நாலஞ்சு காய் லாச்சிக்குள்ளை கிடக்கும். திரும்பிப் போய்த் திறந்தால் சிவந்திருக்கும்.”

கைகளை ஆட்டி, கண்ணை விரித்து, இப்படி நீளமாக அவர் கதைத்து அவள் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வயிறெரிந்தது. இங்கே இருந்து அவர் போகும்போதெல்லாம் வெறும் அறைக்குப் போகிறார் என்று நினைத்து இருபத்திநாலு வருடம் கவலைப்பட்டிருந்தாள். அங்கே மேசை இழுப்பறைக்குள் ஒன்று பழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு தக்காளியில் பொறாமைப்படுகிற அளவுக்குக் கேவலமாகிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் பொறாமை பொறாமைதான்.

அந்தக் கதையிலிருந்து, செடி கடைசிவரை மேடையிலேயே நிற்கும் என்பதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அது குளிர் நாட்டுக் கதை. இங்கே யாருடைய மண் விறைத்தது? அங்கே அப்படி, இங்கே நாற்றுக்கு என்று அவள் மனதில் தானாகவே இரண்டாய்ப் பிரிந்துவிட்டது.

அன்றைக்கே அவள் ஒரு முடிவு செய்தாள். வாய்க்கால் தலைப்பில், இறைக்கிற தண்ணீர் முதல் வந்து விழுகிற பாத்திதான் தோட்டத்திலேயே நல்ல பாத்தி. அதில் அவள் வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் வைத்ததில்லை; தன் மகள் கேட்டபோதுகூடக் கத்தரிக்கு விடவில்லை. அந்தப் பாத்தியை அவருடைய தக்காளிக்கு விடுவது என்று முடிவு செய்தாள். இரண்டு நாள் குனிந்து கொத்தி, கட்டி உடைத்து, வரம்பு கட்டினாள். வாயால் சொல்ல வராததை மண்வெட்டியால் சொல்லத் தெரிந்தவள் அவள். என் காணியில் உங்களுக்குத் தலைப்பாத்தி, இங்கேயே இருங்கோ. இதைவிட விளக்கமாக ஒரு பெண்சாதி எப்படிச் சொல்வது?

கார்த்திகைக் கடைசியில், கடித விசயமாக ஏதோ படிவம் எடுக்கவேண்டும் என்று கனகசபாபதி யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். போனால் ஒரு நாள் பிழைப்பு. அன்றைக்கு நாற்றுக்கு இருபத்தாறாம் நாள். இன்னும் விட்டால் முற்றிவிடும். வெயில் சாய்ந்ததும் பராசக்தி மேடைக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு வேரும் அறாமல் முப்பத்தாறையும் கிளப்பினாள். தலைப்பாத்தியில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவரச இலையைக் குடையாய்க் குத்தி, வாளியால் தண்ணீர் வார்த்தாள். மேடையில் மிச்சமிருந்த மண் நல்ல மண். வீணாக்குவானேன் என்று அதையும் அள்ளிப் பாத்தியில் பரப்பினாள். செங்கல்லை எண்ணிக் குறையாமல் வேலியோரம் அடுக்கினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் வந்து பார்க்கிற முகத்தை நினைத்துச் சந்தோசமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நேரே கிணற்றடிக்குப் போனார்.

“என்ரை மேடை எங்கை?”

“பிரிச்சிட்டன். கல்லெல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறன். நாத்து முப்பத்தாறும் நட்டாச்சு, ஒண்டும் பழுதில்லை. வந்து பாருங்கோவன்.”

அவர் போய்ப் பார்த்தார். வரிசை தப்பாமல் முப்பத்தாறு இலைக் குடைகள். எந்தத் தோட்டக்காரனும் கண்டு மெச்சுகிற நடுகை.

“ஏன் பிடுங்கினீர்?”

“பிடுங்காமல்? இருபத்தாறு நாளாச்சு. நாத்து முத்தினால் பேந்து வேர் ஓடாது.”

“அது நாத்தில்லை. செடி. அதிலையே நிண்டு காய்க்கிற செடி.”

“மேடையிலையோ?”

“மேடையிலைதான்.”

“மேடையெண்டால் நாத்துக்குத்தானே!” என்று பராசக்தி சிரித்தாள். அது அவள் செய்த இரண்டாவது பிழை.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது. அவளுக்குத் திரும்பிச் சத்தம் போடத் தெரியும்.

“நீர் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. முட்டினால் அவளுக்கு வாய் நீளும்.

“இந்தக் காணியிலை இருபத்திநாலு வருசமா நான் ஆரைக் கேட்டு நட்டனான்?”

கனகசபாபதி வேலியோரம் அடுக்கிக் கிடந்த செங்கல்லைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “அதுவும் சரிதான். உம்மடை காணி.”

கேட்பதற்கு ஆள் இல்லாமல் கிடந்ததைத்தான் அவள் சொன்னாள். கேட்கவேண்டிய தேவை இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரே வசனம், சொன்னவளுக்கு அழுகை, கேட்டவருக்கு அவமானம். அன்றைக்கு அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் மேசைக்கு முன்னால் இருந்து, இரண்டு தாள் கிழித்து, மூன்றாவதில் சுத்தமாக ஒரு கடிதம் எழுதினார். சைக்கிளில் போய்த் தபாற்கந்தோரில் போட்டுவிட்டு வந்தார். என்ன எழுதினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. இரண்டு நாள் கழித்துத் தியாகலிங்கம் வந்து, “அத்தான் என்னட்டைச் சூட்கேஸ் இரவல் கேட்டவர் அக்கா, தைப்பொங்கல் கழியப் போறாராம், உண்மையே?” என்றான்.

“உனக்கேன் அந்தச் சோலி?” என்று அவனைத் துரத்திவிட்டாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

அந்த வருடம் கார்த்திகை மழை ஏமாற்றியிருந்தது; திருவெம்பாவை முடிந்த மறுநாள் மழை பிடித்தது. மார்கழியில் தூறும்; அப்படித் தூறி விட்டுவிடும் என்று இருந்தார்கள். விடவில்லை. மூன்று நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவர்களுடைய காணி தரவைப் பக்கம், தாழ்ந்த நிலம், சாம்பல் மண், லேசில் உறிஞ்சாது. தண்ணீர் நிற்பதற்கென்றே வெட்டி வரம்பு கட்டிய பாத்திகளெல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. தண்ணீர் நின்றது. தலைப்பாத்தியில் கணுக்கால் தண்ணீர். மூன்றாம் நாள் தக்காளியின் இலை தொங்கியது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடியது.

பழைய மேடை இருந்திருந்தால் ஒரு செடிக்கும் ஒன்றும் நடந்திராது. இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்லிக் காட்டவில்லை. விறாந்தையில் கதிரை போட்டு, முந்தின கிழமைப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அவர் ஒரு தாளும் புரட்டவில்லை என்பதைப் பராசக்தி யன்னலால் பார்த்தாள். செத்தால் சாகட்டும் என்று விட்டுவிட அவளுக்கும் ஆசைதான். அந்தச் செடி செத்தால் கதை முடிந்தது, அவர் சூட்கேஸை அடுக்குவார், இந்த வீட்டில் பழையபடி ஒரு கோப்பைதான் கழுவக் கிடக்கும்.

நாலாம் நாள் காலை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். கீழ்ப்பக்க வரம்பை வெட்டிவிட்டாள். தண்ணீர் அசையவில்லை, தியாகலிங்கத்தின் காணியும் அதே மட்டத்துக்கு நிரம்பிக் கிடந்தது. கொஞ்சநேரம் மழைக்குள் நின்று யோசித்தாள். பிறகு வேலியோரம் போய்ச் செங்கல்லைத் தூக்கினாள். பழைய இடத்திலேயே அடுக்கத் தொடங்கினாள்.

விறாந்தையில் பேப்பர் தாழ்ந்தது. ஒரு வரிசை அடுக்கும்வரை அவர் பொறுத்தார். இரண்டாம் வரிசையில் முடியவில்லை.

“கல்லை அப்பிடி நெருக்கி வைச்சால் தண்ணி எதுக்காலை போறது?”

“பின்னை எப்பிடி வைக்கிறது?” என்று அவள் கேட்டாள். “எனக்குத் தெரியாது. வந்து சொல்லித் தாங்கோ.”

தோட்ட விசயத்தில் ‘தெரியாது’ என்று பராசக்தி சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கனகசபாபதி சாரத்தை மடித்துக் கட்டினார். ஓலைக் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

கல்லுக்குக் கல் விரல் இடைவெளி விட்டு அவர் அடுக்கினார். நனைந்த மண் போட்டால் களியாகிவிடும் என்று அவள் மாட்டுக்கொட்டிலுக்குள் கிடந்த காய்ந்த எருவையும் மணலையும் சுமந்து வந்து கொட்டினாள். அவர் மண்வெட்டி பிடிக்கிற விதத்தைப் பார்த்து, “உதென்ன அகப்பையே? கீழை பிடியுங்கோ,” என்று திருத்தினாள். அவர் கீழே பிடித்தார். மேடை முழங்காலுக்கு மேல் எழும்பியதும், பாத்திக்குள் கையை விட்டு, வேரோடும் சேற்றோடும் செடிகளை ஒவ்வொன்றாய்க் கோலி எடுத்தாள். பதினேழு போய்விட்டன. பத்தொன்பதுக்கு உயிர் இருந்தது.

“மேடையிலை பன்னிரண்டுதான் கொள்ளும்,” என்றார் அவர்.

“மிச்சம் ஏழையும் நான் என்ன செய்ய? நெருக்கி வையுங்கோ.”

“நெருக்கினால் காத்தோட்டம் இல்லை.”

“உயிரோட இருந்தால் பேந்து காத்து வாங்கலாம். வையுங்கோ.”

அவர் நெருக்கிக் குழி தோண்டினார், அவள் வைத்து மண் அணைத்தாள். ஐந்தாறு செடி இப்படிப் போயிற்று. மழை கொஞ்சமும் குறையவில்லை. அவள் அவரைப் பார்க்காமல், அணைத்த மண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அங்கை போகாதையுங்கோ.”

கனகசபாபதி சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். செடியை மிதித்துவிட்டேனாக்கும் என்று குனிந்து தேடினார்.

“எங்கை?”

“காலைச் சொல்லேல்லை. நுவரெலியாவைச் சொல்லுறன்.”

அவர் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். கடகத்தின் விளிம்பால் தண்ணீர் அவருடைய மூக்கில் வடிந்தது. துடைக்கவில்லை.

“காகிதம் போட்டிட்டன்.”

“என்னெண்டு?”

“வாறன் எண்டு.”

“அப்ப வரேல்லை எண்டு இன்னொண்டு போடுங்கோ.”

“அப்பிடி நினைச்ச மாதிரிப் போடேலாது. ஒருக்கா வாறன் எண்டு எழுதினால், பேந்து மாத்திறதுக்குக் காரணம் காட்டவேணும்.”

“என்ன காரணம் காட்டினால் ஏற்பினம்?”

“சுகமில்லை எண்டு எழுதலாம். டொக்டரின்ரை துண்டு வேணும். இல்லாட்டில் நாட்டு நிலைமை எண்டு எழுதலாம். எல்லாரும் அதைத்தான் எழுதுவினம்.”

“அதொண்டும் வேண்டாம்.” அவள் கையிலிருந்த செடியைக் குழிக்குள் இறக்கினாள். “மனிசி விடுறாள் இல்லை எண்டு எழுதுங்கோ.”

அவர் அவளைப் பார்த்தார். கட்டின நாளிலிருந்து அவர் இப்படி அவளைப் பார்த்ததை அவள் கண்டதில்லை. சேறு வழிகிற முகத்தைத் திருப்பவும் முடியாமல் நின்றாள். முப்பது வருடம் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதியவர், ஒரு சொல் பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“விடுறாள் இல்லை எண்டோ, விடமாட்டாள் எண்டோ?”

பராசக்தி யோசித்தாள்.

“விடமாட்டாள் எண்டு போடுங்கோ.”